மலையில் மின்சார காரின் ஏசி மக்கர் செய்தால்

"குன்னூர்ல இருக்கறவனுக்கு எதுக்குப்பா ஏசி?" கோயம்புத்தூரில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது ஒரு மாமா இதைக் கேட்டுவிடுவார். கார் வாங்கிய புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், அருவங்காடு தாண்டி கேத்திப் பக்கம் போகும்போது மிஸ்ட் இறங்கியது. முன் கண்ணாடியில் உள்பக்கமாக ஆவி படிந்து, எதிரே வந்த பஸ்ஸின் விளக்கு மட்டும் மஞ்சளாக மிதந்தது. கை தன்னால் ஏசி பட்டனுக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் கண்ணாடி கீழிருந்து மேலாகத் தெளிந்தது. ஏசி காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. மலையில் அதன் முக்கால்வாசி வேலை அதுதான்.

நீலகிரியில் புதிதாக மின்சார கார் ஓட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். காசு செலவில்லாத சோதனைகளில் தொடங்கி, பர்ஸைத் திறக்கும் இடத்துக்குக் கடைசியில் போவோம்.

தொடங்கும் முன் தெரிய வேண்டியது

பெட்ரோல் காரில், ஏசியின் கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸர் இன்ஜினோடு பெல்ட்டில் ஓடும். மின்சார காரில் பெல்ட் கிடையாது. கம்ப்ரஸருக்குள்ளேயே மோட்டார் இருக்கிறது; வண்டியை ஓட்டும் அதே பெரிய பேட்டரிதான் அதற்கும் மின்சாரம் தருகிறது. 300, 400 வோல்ட், சில கார்களில் அதற்கும் மேலே. நம் வீட்டு லைனே 230 வோல்ட்தான். இந்த மின்சாரம் போகும் கேபிள்கள் எல்லாம் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். அந்தக் கேபிளையும் அது போய்ச் சேரும் பெட்டிகளையும் நாம் தொடப்போவதில்லை. வண்டியை ஆஃப் செய்திருந்தாலும் சரி.

இன்னொரு விஷயம். பல கார்களில் உள்ளே நம்மைக் குளிரவைக்கும் அதே கேஸ்தான் பேட்டரியையும் குளிரவைக்கிறது. பேட்டரி சூடானால் வண்டி முதலில் அதைத்தான் கவனிக்கும், அப்புறம்தான் நம்மை. ஹீட்டர் தனி: பெரும்பாலான கார்களில் அது வீட்டு ரூம் ஹீட்டர் மாதிரி மின்சாரத்தில் சூடாகும் ஒரு கட்டை. ஆகவே ஏசி போனாலும் ஹீட்டர் வேலை செய்யும். ஹீட் பம்ப் உள்ள கார் என்றால் சூட்டுக்கும் அதே கேஸ், அதே கம்ப்ரஸர். அதில் ஒன்று போனால் மற்றதும் தடுமாறும். உங்களுடையது எந்த வகை என்று கையேட்டில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இது பழுதுதானா?

மலையில் வரும் ஏசி புகார்களில் கணிசமானவை பழுதே இல்லை. அனுபவத்தில் சொல்கிறேன். ஒரு ஜனவரி காலை, ஊட்டியில் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தது. காரின் திரையில் வெளி வெப்பநிலை 3 டிகிரி. ஏசியைப் போட்டால் கம்ப்ரஸர் மூச்சு விடவில்லை. போச்சு என்று அன்றைக்கே வண்டியைக் கீழே கொண்டுபோனேன். கோயம்புத்தூர் சர்வீஸில் மத்தியான வெயிலில் ஏசியைப் போட்டார்கள். பனிக்கட்டி மாதிரி காற்று. "நல்லாத்தானே இருக்குங்க சார்?" என்றார் அந்தப் பையன். பார்த்ததற்குக் கூலி கொடுத்துவிட்டு மறுபடி மலையேறினேன்.

நடந்தது இதுதான். வெளியே ரொம்பக் குளிராக இருக்கும்போது கம்ப்ரஸரை ஓட்டினால் டேஷ்போர்டுக்குள் காற்றைக் குளிரவைக்கும் குளிர்கூட்டில் பனி உறைந்துவிடும். அதனால் பல கார்கள் பூஜ்யம் டிகிரியை ஒட்டியும், சில 5 டிகிரியை ஒட்டியும் கம்ப்ரஸரைத் தடுத்துவிடும். பட்டனில் விளக்கு எரியும், கம்ப்ரஸர் ஓடாது. 12, 13 டிகிரியில் ஓடினாலும் கொஞ்சம் ஓடிவிட்டுச் சும்மா இருக்கும். ஆகவே ஊட்டியில் காலையில் ஏசியைச் சோதிப்பது வீண் வேலை.

இன்னொரு போலிப் புகார் ஏற்றத்தில் வரும். மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர் உயரம், ஊட்டி 2,240 மீட்டர். ஆட்களோடு 1.6 டன் எடையுள்ள காரை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டுமே எட்டு யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். ரோட்டில் உருள ஆகும் செலவு தனி. மே மாதம், ஐந்து பேர், கல்லாறிலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகள். போதாததற்குக் கீழேயே ஃபாஸ்ட் சார்ஜ் போட்டு சூடாக இருக்கும் பேட்டரி. பர்லியார் வருவதற்குள் ஏசி சோர்ந்துபோனால், குளிர் பேட்டரிக்குப் போய்க்கொண்டிருக்கலாம். குன்னூரில் அரை மணி நேரம் நிறுத்தி டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். சரியாகிவிட்டால் கவலை வேண்டாம். போன வருஷம் இதே ஏற்றத்தில் இப்படி இல்லையே என்றால் மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சார்ஜ் அடிமட்டத்துக்கு வந்துவிட்டால் வண்டியே ஏசியைக் குறைக்கும் அல்லது நிறுத்தும். ஈகோ மோடிலும் ஏசி மந்தமாகத்தான் இருக்கும். சார்ஜ் ஏறும்போது ஆளில்லாத வண்டியில் கம்ப்ரஸர் உறுமுவதும், முன்பக்க ஃபேன் தானாகச் சுற்றுவதும், அடியில் தண்ணீர் சொட்டுவதும் இயல்பு.

சீட்டில் உட்கார்ந்தபடியே

முதலில் எல்லாவற்றையும் கைக்குக் கொண்டுவாருங்கள்: ஆட்டோ வேண்டாம், ஈகோ வேண்டாம், வெப்பநிலை ஆகக் குறைவு, ஃபேன் பாதிக்கு மேல். அப்போதும் குளிரவில்லையா? வண்டியை அணைத்து, பூட்டி, சாவியோடு தள்ளிப் போய்ப் பத்துப் பதினைந்து நிமிஷம் கழித்து வாருங்கள். மின்சார கார் பாதி கம்ப்யூட்டர். ஏசியைக் கட்டுப்படுத்தும் பெட்டி எங்கேயாவது முரண்டு பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் இதிலேயே வழிக்கு வந்துவிடும். ஒரு தடவை சரியானால் விட்டுவிடுங்கள். வாரத்துக்கு மூன்று தடவை இதையே செய்கிறீர்கள் என்றால் சிறிய 12 வோல்ட் பேட்டரியைச் சோதிக்கச் சொல்லுங்கள். மின்சார காரிலும் அது உண்டு. பட்டன், சென்சார், ஃபேன் எல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன. மலைக் குளிரில் வயதான 12 வோல்ட் பேட்டரி காட்டும் வித்தைகளில் ஏசி கோளாறும் ஒன்று.

காற்றே சரியாக வரவில்லை என்றால்

இது சுலபம். கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும், கழற்ற ஐந்து நிமிஷம். எஸ்டேட் ஓரமாக வண்டி நிறுத்துகிறவர்களுக்கு ஒரு விசேஷத் தொல்லை உண்டு. சில்வர் ஓக் இலையும் கற்பூர மரத்துத் துணுக்கும் வைப்பருக்குக் கீழே உள்ள ஜாலியில் விழுந்து, மழையில் ஊறி, களிம்பாகிவிடும். காற்று உள்ளே நுழைவதே அந்த வழியாகத்தான். என் வண்டியில் ஒருமுறை அங்கிருந்து இரண்டு கை நிறைய ஈர இலையை அள்ளினேன். ஃபில்டர் கறுத்து, கசங்கிய டீத்தூள் பை மாதிரி இருந்தது. புது ஃபில்டர் போட்டதும் காற்றும் வந்தது, வண்டியில் ஒரு மாதமாக இருந்த பூஞ்சை வாடையும் போனது.

வாடை போகவில்லை என்றால், அல்லது முன் சீட்டுக்குக் கீழே கால்மிதி ஈரமாக இருந்தால், ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கும். அதைச் சர்வீஸில் சொன்னால் ஊதி விடுவார்கள். வீட்டுக்கு வர ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஏசியை நிறுத்தி ஃபேனை மட்டும் ஓடவிட்டால் உள்ளே காய்ந்துவிடும். நம் ஊர் ஈரத்துக்கு இது நல்ல பழக்கம்.

காற்று வருகிறது, குளிர்ச்சி இல்லை

இதைச் சோதிக்கக் கீழே போக வேண்டும். கல்லாறோ மேட்டுப்பாளையமோ, பகல் நேரம், வெளியே 30 டிகிரிக்குக் குறையாமல். மீன் தொட்டிக்கு விற்கும் சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி, நடு ஜன்னலில், அதாவது டேஷ்போர்டு நடுவில் காற்று வரும் இடத்தில், முனையைச் செருகுங்கள். கண்ணாடிகளை ஏற்றி, உள்காற்றே சுற்றும் ரீசர்குலேஷன் பட்டனைப் போட்டு, பத்து நிமிஷம் ஓடவிடுங்கள். 10 டிகிரியை ஒட்டியோ அதற்குக் கீழோ வந்தால் ஏசி நன்றாக இருக்கிறது. 15ஐத் தாண்டியே நின்றால் ஏதோ கோளாறு. சார்ஜ் போட்டபடி இதைச் செய்யாதீர்கள். குளிரைப் பேட்டரி பங்கு கேட்கும்.

எண்ணைவிட எப்படிக் கெட்டது என்பதுதான் அதிகம் சொல்லும். வண்டி ஓடும்போது குளிர்ந்து, டிராஃபிக்கில் நின்றால் சூடான காற்று வந்தால், முன்பக்கம், கேஸின் சூட்டை வெளியே தள்ளும் கண்டென்ஸரில் காற்று போகவில்லை: ஃபேன் சுற்றவில்லை, இல்லையென்றால் செம்மண்ணும் பூச்சியும் அடைத்திருக்கிறது. பைப்பில் மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவலாம். பிரஷர் வாட்டர் அடித்தால் அதன் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும், வேண்டாம். தொடக்கத்தில் நன்றாகக் குளிர்ந்து, போகப்போகக் காற்றே குறைந்து, அணைத்து வைத்து எடுத்தால் மறுபடி சரியாகிறதா? உள்ளே பனி உறைகிறது. டிரைவர் பக்கம் ஒரு மாதிரியும் அடுத்த பக்கம் வேறு மாதிரியும் வந்து, டேஷ்போர்டுக்குள் டக் டக் என்று சத்தமும் கேட்டால், காற்றைத் திருப்பும் தகட்டின் குட்டி மோட்டார் பல் தேய்ந்திருக்கும். சத்தம் இல்லாமல் இப்படி வந்தால் கேஸ் குறைவாகவும் இருக்கலாம்.

வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைந்தது என்றால் அநேகமாக கேஸ் கசிவு. கேஸ் ஓடித் தேயாது, பெட்ரோல் மாதிரி தீராது. குறைந்தால் எங்கேயோ ஓட்டை. கூடவே ஃபாஸ்ட் சார்ஜும் வழக்கத்தைவிட மந்தமானால் தள்ளிப் போடாதீர்கள், பேட்டரிக்கும் குளிர் போதவில்லை. ஒரு திருத்தம்: ஊட்டியில் விடியற்காலையில் பேட்டரி சில்லிட்டிருக்கும்போதும் சார்ஜ் மந்தமாகத்தான் ஏறும். அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நேற்று ராத்திரி வரை நன்றாக இருந்து இன்று காலை செத்துவிட்டதா? எலியைச் சந்தேகப்படுங்கள். குளிருக்கு ஒதுங்க இடம் தேடும் எலிக்குப் பெட்ரோல் கார், மின்சார கார் என்ற பேதம் இல்லை. என் வண்டியில் ஒருமுறை கேஸ் அழுத்தம் பார்க்கும் சென்சாரின் ஒயரைக் கடித்து வைத்திருந்தது. அந்தச் சென்சார் பேசவில்லை என்றால் கம்ப்ரஸர் ஓடாது. பானட்டைத் திறந்தால் தட்டின் மேல் புழுக்கை, கொஞ்சம் பஞ்சு, பாதி தின்ற ஒரு கேரட் துண்டு. ஒயரை ஒட்டுப்போட்டதும் ஏசி வந்துவிட்டது.

கடிபட்டது ஆரஞ்சு கேபிள் என்றால் கதையே வேறு. வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், ஈரக் கையோடு எட்டிப் பார்க்காதீர்கள், சர்வீஸுக்குப் போன் போடுங்கள். கயிறு கட்டி இழுக்கவும் கூடாது. மோட்டாரோடு சேர்ந்த சக்கரம் தரையில் உருண்டால் மோட்டார் மின்சாரம் தயாரிக்கத் தொடங்கிவிடும். நான்கு சக்கரத்தையும் மேலே ஏற்றிக்கொள்ளும் லாரிதான் வர வேண்டும்.

பானட்டுக்குள் பார்ப்பதென்றால் வண்டி அணைந்திருக்கும்போது, டார்ச் அடித்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பாருங்கள். அலுமினியக் குழாய் இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் கேஸ் கசியும் இடம் அநேகமாக அதுதான். கேஸோடு எண்ணெயும் சேர்ந்து சுற்றுவதால் கசியும் இடத்தில் கறை விழும். ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு மூடிவிடுங்கள்.

பாதி வழியில் போனால்

மலைப்பாதையில், மிஸ்டில், ஏசி நின்று கண்ணாடியில் ஆவி படிய ஆரம்பித்தால் பதற்றத்தில் பலர் செய்வது ரீசர்குலேஷனைப் போடுவது. வெளியே ஈரம், உள்ளே வரக்கூடாது என்ற எண்ணம். நேர்மாறாகச் செய்ய வேண்டும். ஐந்து பேர் விடும் மூச்சு உள்ளேயே சுற்றினால் ஒரு கொண்டை ஊசி வளைவு திரும்புவதற்குள் கண்ணாடி முழுக்க மூடிவிடும். வெளிக்காற்று, ஹீட்டர் முழுச்சூடு, ஃபேன் முழுவேகம், காற்று முன் கண்ணாடிக்கு, முன்பக்க இரண்டு ஜன்னலும் இரண்டு விரல் இறக்கம். ஹீட்டரும் இல்லையென்றால் ஜன்னலை இன்னும் இறக்குங்கள்; நடுங்கினாலும் ரோடு தெரியும். ஹீட்டர் ஏசியைவிட அதிகம் மின்சாரம் தின்னும், சூடேறும் வரை 3 முதல் 5 கிலோவாட் கூட. சார்ஜ் அளவையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழுது பார்க்கும் வரை சில நாள் ஓட்ட வேண்டியிருந்தால், ஒரு சொட்டு ஷாம்பூவை ஈரத் துணியில் விட்டுக் கண்ணாடியின் உள்பக்கம் மெல்லத் தடவி, காய்ந்த துணியால் பளிச்சென்று துடைத்துவிடுங்கள். ஆவி படிவது நன்றாகவே குறையும்.

வொர்க்ஷாப்பில்

வாரண்டி இருந்தால் கம்பெனி சர்வீஸ்தான், வேறு பேச்சில்லை. வாரண்டி முடிந்து வெளியே போகிறீர்கள் என்றால், பெட்ரோல் கார் ஏசியில் கைதேர்ந்தவர் மின்சார காரைக் கெடுத்துவிட வாய்ப்பு அதிகம். காரணம் எண்ணெய். வழக்கமான கார் ஏசியில் ஊற்றும் பிஏஜி எண்ணெய் மின்சாரத்தைத் தடுப்பதில் பலவீனம். மின்சார கம்ப்ரஸரில் மோட்டார் எண்ணெயிலேயே நனைந்து கிடப்பதால், பெரும்பாலான கார்களில் பிஓஇ என்ற வேறு எண்ணெய் இருக்கும். கேஸ் அடிக்கும் மெஷினின் குழாயில் ஒட்டியிருக்கும் பழைய எண்ணெய் உள்ளே போனால்கூட, வண்டி மின்கசிவு என்று எடுத்துக்கொண்டு ஸ்டார்ட் ஆகவே மறுக்கலாம். ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி: "மின்சார வண்டிக்குன்னு தனி மெஷின், தனி எண்ணெய் வெச்சிருக்கீங்களா?" பதில் இழுத்தால் நன்றி சொல்லிக் கிளம்பிவிடுங்கள். கசிவை அடைக்கும் மருந்து ஊற்றலாம் என்று சொன்னாலும் அதே.

அடுத்து வருவது மலையில் மட்டும் நடக்கும் கூத்து. ஊட்டியில் மீட்டரை மாட்டிப் பார்த்த ஒருவர் என்னிடம் சொன்னார்: "கேஸ் கம்மியா இருக்குங்ண்ணா, 60 தான் காட்டுது. ஒரு 200 கிராம் அடிச்சு உட்டர்லாம்." ஏசி ஓடாமல் நிற்கும்போது உள்ளே இருக்கும் அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்தது. ஆர் 134ஏ கேஸ் 35 டிகிரி வெயிலில் சுமார் 115 பிஎஸ்ஐ காட்டும். அதே வண்டி 15 டிகிரி ஊட்டியில் 60 பிஎஸ்ஐதான் காட்டும். கீழே தொழில் கற்றவர் கண்ணுக்கு அது குறைவாகத் தெரியும். அவர் பேச்சைக் கேட்டு அடித்திருந்தால் ஊட்டியில் ஒன்றும் தெரிந்திருக்காது. மேட்டுப்பாளையம் இறங்கியதும் அழுத்தம் எகிறி கம்ப்ரஸர் நின்றிருக்கும்.

இன்னொன்று வாக்குவம். கேஸ் நிரப்பும் முன் உள்ளே உள்ள காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து இழுப்பார்கள். கீழே மீட்டர் முள், பாதரச அங்குலக் கணக்கில், 30 அங்குலத்தை ஒட்டி இறங்கும். ஊட்டியில் காற்றழுத்தமே குறைவு என்பதால் 23 அங்குலத்தோடு நின்றுவிடும், குன்னூரில் 24. அதுதான் அங்கே முழு வாக்குவம். இது தெரியாமல் பம்ப் கெட்டுவிட்டது என்று பாதியில் விட்டவர்களும் உண்டு, லீக் என்று இல்லாத ஓட்டையைத் தேடியவர்களும் உண்டு. முள் எங்கே நின்றது என்பதைவிட, பம்பை நிறுத்திய பின் அரை மணி நேரம் அதே இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள்.

இந்தக் குழப்பம் எல்லாவற்றுக்கும் ஒரே மாற்று, எடை போட்டு நிரப்புவது. உள்ளே இருக்கும் கேஸை முழுக்க மெஷினில் வாங்கி, எத்தனை கிராம் வந்தது என்று பார்த்து, நைட்ரஜன் ஏற்றிக் கசிவைக் கண்டுபிடித்து அடைத்து, வாக்குவம் போட்டு, பானட்டுக்குக் கீழே ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று எழுதியிருக்கிறதோ அத்தனை கிராம். எந்த கேஸ் என்பதும் அதிலேயே இருக்கும். ஆர் 134ஏ, ஆர் 1234ஒய்எஃப் இரண்டும் ஒன்றுக்கு ஒன்று மாற்றில்லை; இரண்டாவது லேசாகத் தீப்பற்றும், விலையும் கூட.

எடுத்தது எத்தனை கிராம், நிரப்பியது எத்தனை, என்ன எண்ணெய், எத்தனை மில்லி, எந்த இணைப்பில் கசிவு: ஐந்தையும் பில்லின் பின்னால் எழுதி வாங்கி வண்டியிலேயே வையுங்கள். அடுத்த வருஷம் மறுபடி கேஸ் குறைந்தால் எவ்வளவு போயிருக்கிறது என்று கிராம் கணக்கில் பேசலாம். பழுது பார்த்த வண்டியைக் கீழே வெயிலில் தெர்மாமீட்டர் வைத்து ஒருமுறை பார்த்துவிட்டு மலையேறுங்கள். மறுநாள் காலை, வீட்டு வாசலிலேயே நான்கு பேரை உட்காரவைத்து, கண்ணாடி மூடும் வரை பேசவிட்டு, அப்புறம் ஏசியையும் ஹீட்டரையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள். என் வண்டியில் ஒன்றரை நிமிஷத்தில் தெளிகிறது.